திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியாவில்: முதல் முறை போகிறவர்களுக்கு

மலிவு விலை விமானத்தில் டிக்கெட் என்பது இருக்கைக்கு மட்டும்தான். பெட்டி, சாப்பாடு, தண்ணீர், சன்னலோரம், வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்காருவது எல்லாமே தனித்தனிக் கணக்கு. இது தெரிந்து போகிறவருக்குப் பயணம் உண்மையிலேயே மலிவு. தெரியாமல் போகிறவர் கவுண்டரில் கட்டிய பணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், பெட்டியும் சாப்பாடும் சேர்த்தே தரும் விமானத்தில் போயிருக்கலாமே என்றிருக்கும். ஆகவே என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை வீட்டில் உட்கார்ந்தே முடிவு பண்ணிவிடுங்கள். அதே பொருளுக்கு விமான நிலையத்தில் விலை வேறு.

உதாரணத்துக்குத் திருச்சி–கோலாலம்பூர் தடத்தை எடுத்துக்கொள்கிறேன். மகனையோ மகளையோ பார்க்கப் போகிற பெற்றோர், பத்துமலைக்குக் கிளம்பும் குடும்பம், முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காசு சேர்த்த நண்பர்கள் என்று முதல் முறை பறப்பவர்கள் நிறையப் பேர் ஏறும் தடம் இது. 2001-இல் கடனில் தத்தளித்த மலேசிய விமான நிறுவனமான ஏர்ஏசியாவைத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு (மலேசியப் பணம்) வாங்கினார்கள். 2008 இறுதியில் அது திருச்சிக்கு வந்தது. ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். எண்களை மட்டும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

முதலில் தேதி. இந்தத் தடத்தில் நள்ளிரவை ஒட்டிய விமானங்கள் உண்டு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:25 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக விமான நிலையத்துக்குப் போனால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். இப்படித் தவறவிட்ட டிக்கெட்டுக்குக் கட்டணம் திரும்ப வராது. விமான நிலைய வரிகளை மட்டும் கேட்டு வாங்கலாம். நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நாலு மணி நேரப் பயணம் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம்போலத் தெரிவது அதனால்தான்.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இனிஷியலோடு 'எஸ். செந்தில்குமார்' என்றுதான் ஊரில் வாழ்கிறோம். பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். டிக்கெட்டில் ஆதாரைப் பார்த்தோ வாக்காளர் அட்டையைப் பார்த்தோ பெயர் எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். அம்புக்குறி மாதிரி வரிசையாக அச்சாகியிருக்கும். மேல்வரியில் நாட்டின் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர்; இரட்டை அம்புக்குறிக்கு அப்புறம் வருவது உங்கள் பெயர். அங்கே என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதுதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். குடும்பப் பெயரே இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்பவர்கள் அதிகம். எழுத்துப்பிழை இருந்தால் உதவிப் பிரிவில் கேட்டுத் திருத்தலாம். ஆளையே மாற்ற முடியாது: தம்பி டிக்கெட்டில் அண்ணன் போக வழியில்லை.

மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். டிராவல்ஸ் கடையில் எடுத்தால் அவர்கள் தங்கள் மின்னஞ்சலைப் போட்டுவிடுவது வழக்கம். மலிவு விமானங்கள் நேரத்தை மாற்றுவது சாதாரணமாக நடப்பது. அந்தச் செய்தி கடைக்காரரின் மின்னஞ்சலில் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் பழைய நேரத்துக்குப் போய் நிற்பீர்கள். கடையில் எடுத்தாலும் ஆறெழுத்து முன்பதிவு எண்ணை வாங்கி, ஏர்ஏசியாவின் செயலியில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் இருக்கை வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். வேண்டாததைத் தாண்டிப் போகும் பொத்தான் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். நாலு மணி நேரப் பயணத்துக்கு இருக்கையைத் தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்து வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி. தானாகக் கிடைக்கும் இடத்தில் உட்காரலாம். நடு இருக்கை கிடைத்தால் தூங்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களும் வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களும் மட்டும் வாங்கிவிடுங்கள். விமானத்துக்குள் போய் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், பக்கத்து இருக்கைக்காரர் காசு கொடுத்து வாங்கியவராக இருப்பார். பெற்றோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் அதையும் முன்பதிவிலேயே பதிந்துவிடுங்கள்.

ஒரு விமானம் விட்டு இன்னொன்றில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திருச்சி–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–பாலி தனியாக இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அதற்கு யாரும் பொறுப்பு இல்லை. நடுவில் குடிநுழைவைத் (இமிகிரேஷன்) தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடியும் கவுண்டரில் போட வேண்டும். ஒரே முன்பதிவில் இணைப்பு விமானமாக எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பெட்டி

உள்நாட்டில் இண்டிகோவில் போய்ப் பழகியவர்கள் 15 கிலோ பெட்டி இலவசம் என்ற நினைப்பிலேயே வருவார்கள். ஏர்ஏசியாவின் சாதாரணக் கட்டணத்தில், கவுண்டரில் கொடுத்து உள்ளே போடும் பெட்டிக்கு இலவச எடை பூஜ்யம். கையில் எடுத்துப் போவது மட்டும் 7 கிலோ. அந்த ஏழு கிலோவும் ஒரு பை, கூடவே ஒரு சின்னப் பை என இரண்டுக்கும் சேர்த்துத்தான். பெரிய பையின் அளவு 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சக்கரம் வைத்த கடினமான டிராலி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிச்சம் நாலு கிலோவில் என்ன வைப்பது? துணியால் ஆன முதுகுப்பை முக்கால் கிலோதான் வரும். மூன்று நாள், நாலு நாள் பயணத்துக்கு அதுவே போதும். கனமான சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு, செருப்பைப் பையில் வையுங்கள்.

கையில் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் பயணத்துக்கு வாங்கும் பொருட்களில் அதுதான் உருப்படியானது. திருச்சி விமான நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் பாருங்கள்: பெட்டியைத் தரையில் பப்பரப்பா என்று திறந்து வைத்து, முறுக்குப் பொட்டலத்தை அத்தை கைப்பைக்கு மாற்றி, அரிசி மாவை வழியனுப்ப வந்தவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்ப வாசலுக்கு ஒருவர் ஓடி, மூன்றாவது முறையாகத் தராசில் ஏற்றும்போது இன்னும் எண்ணூறு கிராம் கூட இருக்கும். பின்னால் வரிசை நெளியும்.

பெட்டி வேண்டும் என்று தெரிந்தால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். அப்போதுதான் விலை குறைவு. பிறகு செயலியில் சேர்த்தால் கொஞ்சம் கூடும். கவுண்டரில் போய்க் கட்டினால் கிலோ கணக்கில் போடுவார்கள். டிக்கெட் விலையை அது எட்டிப்பிடிப்பதும் உண்டு. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒருவர் பெயரில் 20 கிலோ வாங்கி, ஒரே பெட்டியாகக் கட்டினால் ஒரு வாரத்துக்குத் தாராளம். போகும்போது மட்டும் வாங்கிவிட்டுத் திரும்பி வருவதற்கு வாங்க மறந்துவிடாதீர்கள். இரண்டு வழிக்கும் தனித்தனிக் கட்டணம்.

இனி உள்ளே என்ன இருக்கலாம் என்பது. கைப்பையில் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேல் கூடாது. நம் வீட்டு அகராதியில் திரவம் இல்லாத பலதும் அங்கே திரவம்தான்: நெய், ஊறுகாய், புளிக்காய்ச்சல், சாம்பார், தேன், பற்பசை. இதையெல்லாம் கவரில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள். கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனையும் அங்கேதான்.

பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். உள்ளே போடும் பெட்டியில் இருந்தால் ஸ்கேனரில் தெரிந்து, பெட்டியைத் திறக்க உங்களையே கூப்பிடுவார்கள். 100 வாட்-அவர் வரை சரி, 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது கிட்டத்தட்ட 74 வாட்-அவர், ஆகவே பிரச்சினை இல்லை. அளவே அழிந்துபோன பழையதை வீட்டில் விட்டுவிடுங்கள். விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவும் கூடாது. மேலே தட்டில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜை சாமான் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: சூடம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், அது எந்தப் பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறக்கூடியது என்பதால் அதற்கும் தடை. மசாலா சாமானில் கசகசாவைத் தனியாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் அது சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடக்கூடியது. மருந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், அடுத்தவர் பொட்டலம். வரிசையில் நிற்கும்போது பவ்வியமாக ஒருவர் வந்து, "அண்ணே, எடை கொஞ்சம் கூடிருச்சு, இந்த ஒரு பையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கங்க" என்பார். சொந்தக்காரரின் நண்பர் என்றுகூட வருவார். கூலிக்குப் பொருள் கடத்தும் 'குருவிகள்' நடமாடும் தடம் இது; மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை வரை உண்டு. முகத்தை முறித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாட்கள்

வருகையை உறுதிசெய்து போர்டிங் பாஸ் வாங்கும் செக்-இன்னை வீட்டிலேயே செயலியில் செய்துவிட வேண்டும். 14 நாள் முன்பே திறந்துவிடும். கவுண்டரில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். போர்டிங் பாஸைக் கைபேசியில் வைத்தாலும் ஒரு காகிதப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் வாசலில் டிக்கெட் பார்க்கும்போது சார்ஜ் தீர்ந்த கைபேசியால் பயனில்லை.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை போய் வரலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் நிலவரத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா இல்லையென்றாலும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில், இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் இதற்கே டாலரில் காசு கேட்கும். உள்ளே போய் ஏமாறாதீர்கள்.

திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, கையில் பணமோ அட்டையோ இருப்பதற்கு ஆதாரம் மூன்றும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். உறவினர் வீட்டில் தங்கினால் அவர் முகவரியும் தொலைபேசி எண்ணும். இதில் ஒன்று குறைந்தாலும் அங்கே கேள்வி நீளும், திருப்பி அனுப்பவும் செய்வார்கள். சுற்றுலா என்று போய் வேலை பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த ஆளைவிட்டு விலகுங்கள்.

திருச்சி விமான நிலையத்தில்

புதுக்கோட்டை சாலையில், நகரத்திலிருந்து பக்கம்தான். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். 2024 ஜூனிலிருந்து புதிய முனையம் இயங்குகிறது. கோயில் கோபுர வண்ணங்களோடு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். புறப்பாடு மேல்தளம்.

உள்ளே வரிசை இப்படித்தான்: வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள், கவுண்டரில் பெட்டி, பிறகு குடிநுழைவு, பிறகு பாதுகாப்புச் சோதனை, அப்புறம் விமானம் ஏறும் கேட். செக்-இன் முடித்திருந்தாலும், பெட்டியே இல்லாவிட்டாலும், பன்னாட்டுப் பயணத்தில் ஆவணங்களைப் பார்க்கக் கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கும். கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். கேட் மூடுவது 20 நிமிடம் முன்பு. இதில் கெஞ்சிப் பயனில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கிய அதே விமானம் சுமார் அரை மணி நேரத்தில் ஆட்களை மாற்றிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துத்தான் கட்டணத்தையே குறைக்கிறார்கள். ஒருவருக்காகப் பத்து நிமிடம் நின்றால் அன்றைய அடுத்தடுத்த பயணங்கள் எல்லாம் தள்ளிப்போகும்.

கேட்டிலும் தராசு இருக்கலாம். கவுண்டரில் தப்பித்த பை அங்கே மாட்டினால் அபராதம் இன்னும் கூடுதல்.

விமானத்துக்குள்

ஏர்பஸ் ஏ320, பக்கத்துக்கு மூன்று இருக்கை. கால் நீட்ட இடம் குறைவு, எதிரே திரை கிடையாது. பார்க்க வேண்டியதைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். குளிரும். போர்வை கேட்டால் விலை சொல்வார்கள், ஆகவே ஒரு துண்டோ சால்வையோ போதும்.

தண்ணீரும் விலைக்குத்தான். காலி பாட்டிலோடு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, உள்ளே இருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டை விமானத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி. நம் ஊர்ப் பயணிகள் இதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது கிளம்பிய அரை மணியில் மூக்குக்குத் தெரிந்துவிடும். நான் சொல்வது, பொடி தடவிய இட்லியைக் கேட்டில் உட்கார்ந்தே முடித்துவிட்டு ஏறுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். வண்டி உங்கள் வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துபோகும். முன்கூட்டியே பதிவு செய்தால் விலையும் குறைவு, கிடைப்பதும் உறுதி.

கோலாலம்பூரில் இறங்கியதும்

ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் முனையம், பழைய பேர் கே.எல்.ஐ.ஏ. 2. 2014 மே மாதத்திலிருந்து மலிவு விமானங்களுக்கு அதுதான் வீடு. நடை அதிகம். துணைக் கட்டடத்தில் இறங்கினால் உயரமான பாலம் ஒன்றைக் கடந்து பிரதான கட்டடத்துக்கு வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி சொல்லி வையுங்கள் என்றது இதற்குத்தான்.

குடிநுழைவு, பெட்டி, சுங்கம் தாண்டினால் நேராகக் கடைகள் நிறைந்த வளாகத்துக்குள் விழுவீர்கள். நகரத்துக்குப் போகும் விரைவு ரயில் கே.எல். சென்ட்ரலுக்கு 33 நிமிடத்தில் போகும், கட்டணம் 55 ரிங்கிட். கீழ்த்தளத்தில் கிளம்பும் பேருந்து ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனால் கட்டணம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அவசரம் இல்லாதவர்களுக்குப் பேருந்துதான் என் ஓட்டு. மூன்று நாலு பேராக, பெட்டிகளோடு போனால் கிராப் செயலியில் கார் பிடிப்பது கட்டுப்படியாகும்.

திரும்பும்போது

டாக்சிக்காரரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாம் முனையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதல் முனையத்தில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், ரயிலில் இரண்டு ரிங்கிட்டில் மூன்று நிமிடத்தில் மாறிவிடலாம். எடைக் கணக்கு இந்தப் பக்கம் இன்னும் கறார். மைலோவும் வெள்ளைக் காப்பியும் பிஸ்கட் டின்னும் வாங்கிக் குவித்தவர்கள் அங்கேயும் தரையில் பெட்டியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். விடுதியை விட்டுக் கிளம்பும் முன் கைத்தராசில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

திருச்சியில் பெட்டியை எடுத்தவுடன் நாலு பக்கமும் பாருங்கள். சக்கரம் உடைந்திருந்தாலோ பெட்டியே வராவிட்டாலோ சுங்கத்தைத் தாண்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் ஆளைப் பிடித்து எழுத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய பெட்டிச் சீட்டு அதற்கு வேண்டும், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் சேதம் தெரிகிறது என்றால் ஏழு நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தால், வந்த நாளிலிருந்து 21 நாட்கள்.